நோயாளி விழித்திருக்கும்போது: மருத்துவர் டி.எஸ். கனகாவைப் பற்றி

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சிட்னி என்று ஆளுக்கொரு நேரத்தில் இருந்துகொண்டு இணைந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. நான் மொன்றியலில் டோர்வலில் இருந்து பேசுகிறேன். விமான நிலையம் பக்கத்தில்தான். இடையில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு தாதி. டிப்ளோமா படித்தவள். மூளை ஆராய்ச்சி செய்த ஒருவரைப் பற்றி இலக்கியக் கூட்டத்தில் ஏன் கதைக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நடுக்கம், வலிப்பு, வலி ஆகிய மூன்றையும் நான் வார்டில் தினமும் பார்க்கிறேன். இந்த மூன்றிலும் வாழ்நாளைச் செலவழித்த ஒரு தமிழ்ப் பெண்ணைப் பற்றி எங்கள் கூட்டங்களில் யாரும் கதைத்து நான் கேட்டதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஆராய்ச்சி முழுக்கவே, ஒரு மனிதர் தன் உடம்புக்குள் நடப்பதைச் சொல்ல முடியுமா என்ற கேள்வியில்தான் நிற்கிறது. எழுத்தாளர்களுக்கும் அதே கேள்விதானே.

டி.எஸ். கனகா 1932இல் சென்னையில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் ஒருவர். 1954இல் எம்.பி.பி.எஸ்., 1963இல் பொதுச் சத்திரசிகிச்சையில் எம்.எஸ்., 1968இல் நரம்பியல் சத்திரசிகிச்சையில் எம்.சிஎச். இடையில் 1962 சீனப் போர் நேரத்தில் இராணுவ மருத்துவ சேவை. பெண் மருத்துவர் என்றால் மகப்பேறு பார்ப்பவர் என்று எல்லாரும் எண்ணிய காலத்தில் மண்டையோட்டைத் திறக்கப் போனவர். இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் என்று அவரைச் சொல்வார்கள். 1972இல் முனைவர் பட்டமும் பெற்றார். மூளை வாதத்தால் கைகால் இறுகிப்போன பிள்ளைகளுக்கான சத்திரசிகிச்சைதான் அந்த ஆய்வின் பொருள்.

நான் இருக்கும் ஊருக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950இல் நரம்பியல் சத்திரசிகிச்சையைத் தொடங்கியவர் பி. ராமமூர்த்தி, சீர்காழியில் பிறந்தவர். இங்கிலாந்தில் நியூகாசிலில் பயின்றபின், ஊர் திரும்புமுன் சில மாதங்கள் மொன்றியல் வந்து வைல்டர் பென்ஃபீல்டிடம் வேலை பழகினார். பென்ஃபீல்ட் 1934இல் தொடங்கிய மொன்றியல் நரம்பியல் நிறுவனம் இன்றும் நகர நடுவில் இருக்கிறது. கனடாவில் வளர்ந்த பிள்ளைகளைக் கேளுங்கள், தொலைக்காட்சியில் வந்த கருகிய பாண் வாசனைக் குறும்படத்தைச் சொல்வார்கள். அதில் வரும் வைத்தியர் அவர்தான்.

பென்ஃபீல்ட் வலிப்பு நோயாளிகளை மயக்காமல், தலைத்தோலை மட்டும் மரக்கச் செய்து மூளையைத் திறந்தார். மூளைக்குத் தன்னில் வலி தெரியாது. மெல்லிய மின்சாரத்தால் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, "இப்போது என்ன தெரிகிறது?" என்று கேட்பார். நோயாளி சொல்வார். எந்த இடத்தை வெட்டலாம், எந்த இடத்தைத் தொடவே கூடாது என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கும். நோயாளி அங்கே வெறும் உடம்பு அல்ல. சாட்சி.

ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், கனகா ஆகியோரின் சென்னைக் குழு 1960களிலும் 70களிலும் பெயர்பெற்றது 'ஸ்டீரியோடாக்டிக்' என்ற முறையில். தலையில் ஓர் உலோகச் சட்டத்தைப் பொருத்துவார்கள். நீளம், அகலம், ஆழம் என்று மூன்று அளவுகள். தெரு, வீட்டு இலக்கம், மாடி தெரிந்தால் வீட்டைக் கண்டுபிடிக்கலாம் அல்லவா, அதைப்போல. சிறு துளை வழியே மெல்லிய ஊசியை இறக்கி, மூளையின் ஆழத்தில் ஒரு சிறு புள்ளியை மட்டும் அழிப்பார்கள். அப்போது ஸ்கேன் கிடையாது. தலைக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். மூளை நடுவிலுள்ள நீரறைகள் படத்தில் விழும். அதை வைத்து, படத்தில் விழாத இடத்தைக் கணக்குப் போட வேண்டும். அந்தக் காற்றால் வரும் தலையிடி மிகக் கடுமையானது. இரவு முழுக்கப் பக்கத்தில் நின்ற தாதிகளை நான் நினைத்துக்கொள்கிறேன்.

பார்க்கின்சன் நோயாளிக்கு இதைச் செய்யும்போது பொதுவாக அவர் விழித்திருப்பார். கையை நீட்டச் சொல்வார்கள், எண்ணச் சொல்வார்கள். ஊசி சரியான இடத்துக்குப் போனால் நடுக்கம் நிற்கும். வருடக்கணக்காகத் தேநீர்க் குவளை பிடிக்காத கை மேசையிலேயே அடங்குவதை எல்லாரும் பார்க்கலாம்.

1960களின் கடைசியில் லெவோடோபா மருந்து வந்தது. பார்க்கின்சனுக்கான சத்திரசிகிச்சை உலகமெங்கும் குறைந்தது. ஆனால் மருந்துக்கு அடங்காத நோய்கள் இருந்தன. மூளையை அழிக்காமல், மின்முனையை உள்ளேயே விட்டுத் தூண்டும் வழியை 1975லேயே கனகா முயன்றார் என்று பதிவாகியிருக்கிறது. பிரான்சின் கிரெனோபிளில் பெனபித் இன்றைய ஆழ்மூளைத் தூண்டலுக்கு வழி திறந்தது 1987இல்தான். இன்று அந்தக் கருவிகள் பெட்டியில் வருகின்றன. சென்னையில் அன்று அப்படி ஒரு பெட்டி இல்லை.

இனி வலிக்கு வருவோம். வலியை எக்ஸ்ரேயில் பிடிக்க முடியாது. மக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் இருந்தார். 1965இல் பேட்ரிக் வோலோடு சேர்ந்து, முதுகுத்தண்டில் வலிக்கு ஒரு 'வாசல்' இருக்கிறது, மூளையே அதைத் திறக்கவும் மூடவும் உதவுகிறது என்ற கோட்பாட்டை வெளியிட்டவர். 1975இல் அவர் வெளியிட்ட மக்கில் வலி வினாத்தாளில் வலியைச் சொல்லும் 78 சொற்கள், 20 கூட்டங்களாக இருக்கின்றன. ஒரு விஞ்ஞானி சொல் அகராதி செய்ததைப்போல. எங்களிடம் அதற்குக் குறைவா? குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விண்விண் என்று தெறிப்பது, சுள்ளென்று இழுப்பது. ஆனால் எங்கள் அம்மாக்களிடம் ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டால், "தாங்கலாம் பிள்ளை" என்பார்கள். அது எண்ணே இல்லை.

இதுவரை சொன்னதில் கனகாவைப் பெருமையாகப் பேசினேன். அடுத்ததையும் சொல்லாவிட்டால் அது வெறும் வாழ்த்துரை ஆகிவிடும்.

1970இல் பாலசுப்பிரமணியம், கனகா, ராமமூர்த்தி ஆகிய மூவரின் பெயரிலும் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. கட்டுக்கடங்காத துடிதுடிப்பும் நடத்தைக் கோளாறும் உள்ளவர்களுக்கான சத்திரசிகிச்சை பற்றியது. நோயாளிகளில் சிறுவர்களும் இருந்தார்கள். சிலருக்கு வலிப்பும் இருந்தது. இந்த வகைச் சிகிச்சையை பாலசுப்பிரமணியம் 'அமைதிப்படுத்தும் நரம்புச் சத்திரசிகிச்சை' என்ற பொருளில் பெயரிட்டு அழைத்தார். 1973இல் போதைப் பழக்கத்துக்கும் மூளையில் சத்திரசிகிச்சை செய்து எழுதினார்கள்.

அவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஜப்பானிலும் மேற்கிலும் அன்று இதையே செய்தார்கள். மருந்துகள் குறைவு. பிள்ளையைக் கட்டிப்போட்டு வைத்திருந்த தாய்க்கு வேறு கதவு இல்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். நடுக்கக்காரர் தன் கை நின்றதைத் தானே சொன்னார். இந்தப் பிள்ளைக்குச் சுகம் வந்ததென்று யார் சொன்னது? தாய், தகப்பன், பராமரிப்பவர். சாட்சி மாறிவிட்டார்.

இரவுக் குறிப்பில் நாங்கள் "நோயாளி அமைதியாக இருக்கிறார்" என்று எழுதுவோம். வலி போனதாலும் அமைதி வரும். சொல்லிச் சொல்லிக் களைத்ததாலும் வரும். எழுதும்போது இரண்டும் ஒரே வரிதான்.

மாற்கு நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் வலிப்பு வரும் பையன் ஒருவன் இருக்கிறான். எத்தனை காலமாக இப்படி என்று இயேசு தகப்பனிடம் கேட்கிறார். நோய் விபரம் எடுக்கும்போது நாங்களும் முதலில் கேட்பது அதைத்தான். தகப்பன் பதில் சொல்கிறார். அந்தப் பையன் பேச்சில்லாதவன். அவன் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று, அந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் நான் யோசிப்பதுண்டு.

காலம் இதற்கு ஒரு பதிலைச் சட்டமாக எழுதியது. இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய்க்காக மூளையில் சத்திரசிகிச்சை செய்வதென்றால் யாருக்குச் செய்கிறார்களோ அவரே விளங்கிச் சம்மதிக்க வேண்டும். அதற்குமேல் மனநல வாரியத்தின் அனுமதியும் வேண்டும். குடும்பத்தின் சம்மதம் மட்டும் போதாது. அடுத்த ஆண்டு, 2018 நவம்பர் 14இல், கனகா 86 வயதில் காலமானார். ஓய்வுக்குப் பிறகும் தாய் தகப்பன் பெயரில் அறக்கட்டளை வைத்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர், நூறு தடவைக்கு மேல் இரத்தம் கொடுத்தவர். இரண்டையும் சேர்த்துத்தான் அவரை நான் மதிக்கிறேன். நிமிர்ந்த கைகளையும், கேட்கப்படாத பிள்ளைகளையும்.

கடைசியாக உங்களிடம் ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் எல்லாரும் என்றாவது ஒருநாள் வைத்தியசாலையில் அம்மா அப்பாவுக்காக மொழிபெயர்த்தவர்கள்தான். அம்மா, "தலைக்குள்ள பம்பரம் சுத்துற மாதிரி, பிறகு காது அடைச்சு, இடப்பக்கம் விறைச்சுப் போகுது" என்பார். நாங்கள் வைத்தியரிடம் "தலையிடியாம்" என்று முடித்துவிடுவோம். அந்தப் பம்பரமும் அடைத்த காதும் விறைத்த இடப்பக்கமும்தான் நோயைக் கண்டுபிடிக்கும் வழி. தயவுசெய்து சுருக்காதீர்கள். அவர் சொன்ன வரிசையிலேயே, அவர் சொன்ன உவமையோடேயே சொல்லுங்கள். மொழி தெரிந்த எங்களால் செய்யக்கூடிய வைத்தியம் அதுதான்.

கேள்விகள் இருந்தால் கதைப்போம்.