ஆசிரியரிடம் என்ன கேட்பது?

(மாதுங்காவில் உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் வசிக்கும் நம்மவர்களில் பலர், பணி ஓய்வுக்குப் பிறகு பள்ளிக்கூடங்களுக்குப் போய் ஏதாவது உதவி செய்யலாம் என்று விரும்புகிறார்கள். கணக்கோ விஞ்ஞானமோ ஆங்கிலமோ நமக்குக் கொஞ்சம் தெரியும். நேரமும் இருக்கிறது. ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றில் தமிழும் ஒன்று.

கல்விப் பணி நம் பேட்டைக்குப் புதிதல்ல. இங்கு குடியேறிய தென்னிந்தியர்களின் குழந்தைகளுக்காக 1932-ல் எம்.வி. வெங்கடேஸ்வரன் முயற்சியால் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி தோன்றியது. 1974-ல் டாடா ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையம் இன்று செம்பூரை அடுத்த மான்குர்தில் இயங்கி வருகிறது.

ஆனால் வகுப்பறைக்குள் போனதும் நாம் முதலில் செய்யும் காரியம் என்ன? யோசனை சொல்வது. "இப்படிச் சொல்லிக் கொடுங்கள், அப்படி எழுதிப் போடுங்கள்" என்போம். ஆசிரியையும் மரியாதைக்குத் தலையாட்டுவார். மறு வாரம் போனால் பழைய பாடம், பழைய முறை. இதற்கு ஒரு மாற்று வழி உண்டு என்பதே நான் இன்று சொல்ல வந்த விஷயம்.

கோச்சிங் என்றதும் நமக்கு ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு வகுப்புகள்தான் ஞாபகம் வரும். ஆர்தர் காஸ்டா, ராபர்ட் கார்ம்ஸ்டன் என்ற இரு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1980-களில் உருவாக்கிய 'காக்னிடிவ் கோச்சிங்' வேறு வகை. அந்தக் காலத்துக் கோச்சு வண்டியை அவர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். வண்டியில் ஏறியவர் எங்கே போக விரும்புகிறாரோ அங்கே கொண்டு சேர்ப்பதுதான் வண்டியின் வேலை. போகுமிடத்தை வண்டி தீர்மானிப்பதில்லை.

முறை எளியது. பாடத்துக்கு முன் ஒரு பேச்சு, பாடத்துக்குப் பின் ஒரு பேச்சு. இரண்டிலும் மூன்று காரியங்கள்: சற்று மௌனமாக இருப்பது, அவர் சொன்னதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது, யோசிக்க வைக்கும் கேள்வி கேட்பது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஐந்தாம் வகுப்பு. மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று ஆசிரியை கேட்கிறார். பாதிப் பிள்ளைகள் நான்கில் ஒன்றுதான் பெரிது என்கிறார்கள். மூன்றை விட நான்கு பெரிதாயிற்றே! நமக்கு உடனே, "காகிதத்தை மடித்துக் காட்டுங்கள் டீச்சர்" என்று வாய் துறுதுறுக்கும். அதை அடக்கிக்கொண்டு இப்படிப் பேசலாம்:

"பிள்ளைங்க என்ன சொல்லுவாங்கன்னு எதிர்பார்த்தீங்க டீச்சர்?"

"சரியாச் சொல்லுவாங்கன்னுதான் நினைச்சேன் சார். நேத்து எல்லாருக்கும் புரிஞ்சுது."

"புரிஞ்சுதுன்னு எதை வெச்சுத் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

இங்கே சும்மா இருக்க வேண்டும். அந்த மௌனம் நமக்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் ஆசிரியை யோசிப்பது அப்போதுதான். "முதல் ரெண்டு பெஞ்சுதான் சார் பதில் சொன்னாங்க" என்று அவரே கண்டுபிடிப்பார்.

"அடுத்த பீரியடில் என்ன செஞ்சு பார்க்கலாம்னு தோணுது?"

"ஒரு சப்பாத்தியை மூணு பேர், நாலு பேர்னு பங்கு போடச் சொல்லலாம். கடைசி பெஞ்சுலேருந்து ஆரம்பிக்கலாம்."

காகிதத்துக்குப் பதில் சப்பாத்தி வந்ததைத் தவிர என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். கடைசி பெஞ்சு என்பது நம் யோசனையில் இருக்கவில்லை. அந்த வகுப்பைத் தினமும் பார்ப்பவருக்குத்தான் அது தெரியும். நாளைக்குத் தசம பாடத்திலும் "இவர்களுக்குப் புரிந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வியை அவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். நாம் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கேள்வி கேட்பவர் மதிப்பெண் போடுபவராக இருக்கக் கூடாது. 1854-ல் வந்த உட்ஸ் அறிக்கையைத் தொடர்ந்து நம் நாட்டில் கல்வி இலாகாக்களும் இன்ஸ்பெக்டர்களும் ஏற்பட்டனர். அதிகாரி வந்தால் குறையை மறைப்பது ஆசிரியரின் இயல்பாகிவிட்டது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆசிரியை மனம் விட்டுச் சொன்ன ஒரு குறையை நாம் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டால், அந்தக் கதவு அன்றோடு சாத்திக்கொள்ளும்.

இதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஹோஷங்காபாத் விஞ்ஞானக் கல்வித் திட்டம் ஆரம்பமானது. மும்பையின் டாடா ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும் அதில் பங்கெடுத்தனர். ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடித் தங்கள் வகுப்பின் சிக்கல்களைப் பேசினார்கள். வகுப்புக்கு வந்து பார்த்தவர்கள் கூட இருந்து உதவவே வந்தார்கள். 1978-ல் மாவட்டம் முழுவதற்கும் பரவிய அத்திட்டத்தை 2002-ல் மாநில அரசு நிறுத்தியது. முப்பது ஆண்டுகள் நடந்தது சாதாரண விஷயமல்ல.

பலன் உண்டா என்று கேட்பது நியாயம். 2018-ல் மாத்யூ கிராஃப்ட் குழுவினர் ஆசிரியர்களுக்கான பல வகைக் கோச்சிங் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் தரமும் மாணவர் தேர்ச்சியும் உயர்ந்திருந்தன. ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைந்தது. ஆகவே, ஒருவர் ஓர் ஆசிரியருடன் நிதானமாகப் பேசுவதை அற்பமாக நினைக்க வேண்டாம்.

எல்லா இடத்திலும் கேள்வியே மருந்தாகாது. ஆசிரியருக்கே பின்னம் சரியாகத் தெரியவில்லையென்றால், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியதுதான். குழந்தையை அடிப்பதைப் பார்த்தால் "என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

தைத்திரீய உபநிஷத்தின் பிருகு வல்லி உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரம்மம் எது என்று கேட்டு வந்த பிருகுவைத் தவம் செய்து அறியும்படி தந்தை வருணன் அனுப்புகிறார். அன்னம், பிராணன், மனம், விஞ்ஞானம் என்று ஒவ்வொன்றாகக் கண்டு பிருகு நான்கு முறை திரும்பி வருகிறார். தவறு என்று வருணன் ஓரிடத்திலும் சொல்லவில்லை, மீண்டும் அனுப்புகிறார். ஆனந்தத்தைப் பிருகு தாமே கண்டறிகிறார். விடை தெரிந்த தகப்பனாருக்கே அவ்வளவு பொறுமை இருந்திருக்கிறது.

எந்த ஊரில் இருந்தாலும், பள்ளிக்குப் போகும் உறுப்பினர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். ஒரே ஓர் ஆசிரியரைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, பாடத்துக்கு முன் பத்து நிமிஷம், பின் பத்து நிமிஷம் பேசுங்கள். பேச்சில் பெரும்பகுதி அவருடையதாக இருக்கட்டும். அங்கே கேட்டதை வெளியே சொல்லாதீர்கள்.