ரத்தம் கொடுக்கும் முன் அந்தப் படிவத்தைப் படியுங்கள்

டெல்லி துவாரகாவில் ஞாயிற்றுக்கிழமை ரத்ததான முகாம் என்றால் நம் தமிழ்க் குடும்பங்கள் காலையிலேயே வந்து வரிசையில் நிற்பதைப் பார்க்கிறேன். மனசு நிறைகிறது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஊசி குத்துவதற்கு முன் ஒரு படிவம் தருகிறார்கள் இல்லையா? மஞ்சள்காமாலை வந்ததுண்டா, பச்சை குத்தினீர்களா, ரத்தம் ஏற்றிக்கொண்டீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் போட்டுவிடுகிறோம்.

அந்தக் கேள்விகள் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது ஹெபடைட்டிஸ் சி. ரத்தத்தின் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் கிருமி. பல வருஷம் அறிகுறியே காட்டாது.

எப்படித் தொற்றுகிறது? ஊசிதான் பெரிய காரணம். டெல்லியில் ‘ஜோலா சாப்’ என்பார்களே, அந்தப் போலி டாக்டர்களிடம் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டால், சிரிஞ்சை உறை பிரித்துத்தான் எடுத்தார் என்பதற்கு என்ன நிச்சயம்? எகிப்தில் ஒட்டுண்ணி நோய்க்குச் சிகிச்சையாக 1980-கள் வரை அரசே ஊசி போட்டது. சரியாகச் சுத்தம் செய்யாத ஊசிகளால் லட்சக்கணக்கானவர்களுக்கு இந்தக் கிருமி பரவியது. திருவிழாக் கடையில் பச்சை குத்தும் ஊசியும் மையும், சலூனில் மாற்றாத பிளேடும்கூட ஆபத்தானவை. பச்சை குத்தியவர்கள் 12 மாதம் ரத்தம் கொடுக்கக்கூடாது. போதை ஊசி போட்டுக்கொண்டவர்கள் கொடுக்கவே கூடாது. சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது.

“எப்படியும் டெஸ்ட் பண்ணுவார்களே” என்பீர்கள். பண்ணுகிறார்கள், அது கட்டாயம். ஆனால் தொற்று வந்த முதல் இரண்டு மாதம் வரைகூடச் சாதாரண ஆன்டிபாடி சோதனையில் சிக்காமல் போகலாம். சீக்கிரமே கண்டுபிடிக்கும் நாட் பரிசோதனை எல்லா ரத்த வங்கியிலும் இல்லை. அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பது உங்கள் உண்மையான பதில்தான். தலசீமியா குழந்தைக்கு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவரின் ரத்தம் ஏறுகிறது. அந்தக் குழந்தையை நினைத்துக்கொண்டு படிவத்தை நிரப்புங்கள். சபையில் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருத்துவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ரத்த வங்கியிலிருந்து “ஒருமுறை வந்து போங்கள்” என்று அழைப்பு வந்தால் ஒளியாதீர்கள். முதல் சோதனையே முடிவில்லை, உறுதிப்படுத்தும் சோதனை ஒன்று உண்டு. நோய் உறுதியானாலும், பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அந்த மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம்.

கடைசியாக ஒன்று. இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததே 1989-ல்தான். நம் நாட்டில் தான ரத்தத்தில் இதைச் சோதிப்பது கட்டாயமானது 2000-க்குப் பிறகு. அதற்கு முன் பிரசவத்திலோ விபத்திலோ ரத்தம் ஏற்றிக்கொண்ட அம்மா, அப்பா உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே அவர்களை அழைத்துப்போய் ஹெபடைட்டிஸ் சி (ஹெச்.சி.வி.) டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.