கட்டுப்படியாகும் வாடகை யாருக்கு?

(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வுக்காக நாம் போராடுகிறோம். உயர்ந்த கூலியை வாடகை விழுங்கிவிட்டால் நாம் வென்றது என்ன? இதில் பிரிட்டிஷ் தொழிலாளிகள் பட்ட அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

கிளாஸ்கோ, கப்பல் கட்டும் நகரம். 1915-ல், யுத்த காலத்தில், வேலை தேடி ஜனங்கள் அங்கே குவிந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் பலர் போர்முனையில். மேரி பார்பர் போன்றோர் தலைமையில், உயர்த்திய வாடகையைத் தர முடியாது என்று பெண்கள் மறுத்தார்கள். காலி செய்ய வந்த அமீனாக்களை மாவுப் பொட்டலம் வீசி விரட்டினார்கள். நவம்பர் 17-ந் தேதி, வழக்கு நடந்த கோர்ட்டின் முன்னே பட்டறைத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அவ்வாண்டே வாடகை உயர்வைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1919-ல் இன்னொரு சட்டம்: நகரசபைகள் வீடு கட்ட வேண்டும், சர்க்கார் மானியம் தரும். லட்சக்கணக்கான வீடுகள் எழுந்தன.

பிறகு நடந்தது என்ன? 1980-ல் தாட்சர் சர்க்கார் அந்த வீடுகளைக் குடியிருப்போருக்கே தள்ளுபடி விலையில் விற்கச் சட்டம் செய்தது. வாங்கியவர் மகிழ்ந்தார், அதை மறுக்கவில்லை. ஆனால் விற்ற பணம் முழுவதையும் புதிய வீட்டுக்குச் செலவிட நகரசபைகளை விடவில்லை. பின்னால் வந்த தொழிலாளி தெருவில் நின்றான்.

நகரசபைகள் லாப நோக்கமில்லாத வீட்டுவசதிச் சங்கங்களோடு கூட்டுச் சேர்ந்தன. சபை நிலமோ அனுமதியோ தரும்; சங்கம் கட்டி வாடகைக்கு விடும். கிளாஸ்கோவிலேயே 2003-ல் சுமார் 80,000 நகரசபை வீடுகள் ஒரு சங்கத்தின் கைக்குப் போயின. கூட்டே தவறு என்று நாம் சொல்லவில்லை. ஏழைக்குக் கூரை கிடைத்தால் நல்லதுதான்.

ஆனால் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: 'கட்டுப்படியாகும் வாடகை'. 2011-ல் இங்கிலாந்தில் இதற்கு ஒரு புது அளவுகோல் வந்தது. சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை வாங்கலாம்! சந்தையில் 1,000 என்றால் 800. சந்தை 2,000-க்கு ஏறினால், புதிதாகக் குடிவருகிறவருக்கு 1,600. கூலியும் இரட்டித்ததா? தையற்காரர் நம் உடம்பை அளந்து சட்டை தைப்பார். ஜமீன்தார் உடம்பை அளந்து, அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து நமக்குத் தைப்பாரா?

ஆகவே நகரசபை எவரோடு கூட்டுச் சேர்ந்தாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். நிலம் யார் கையில் இருக்கும்? வாடகைக்கு அளவுகோல் சந்தையா, நம் கூலியா? குடியிருப்போருக்கு அதில் குரல் உண்டா?

1915-ல் அந்தப் பெண்கள் அமீனாவை வழிமறித்துக் கேட்டதும் இதைத்தான், தோழர்களே. கேட்டதால்தான் சட்டம் வந்தது.