மாற்றுச் சிறுநீரகம் ஓய்ந்த பின்



1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரொனால்டு ஹெரிக் என்பார், தம்முடன் இரட்டையராய்ப் பிறந்த ரிச்சர்டுக்குச் சிறுநீரகம் ஒன்றை ஈந்தார். மருத்துவர் ஜோசப் மர்ரே செய்த அவ்வறுவையே உலகில் முதன்முதலாக வெற்றி கண்ட சிறுநீரக மாற்று. ரிச்சர்டு நலம் பெற்றார், மணம் புரிந்தார், மக்களைப் பெற்றார். எட்டாண்டுகளுக்குப் பின் பழைய நோயே புதிய சிறுநீரகத்தையும் பற்ற, 1963இல் மறைந்தார். நெடுநாள் டயாலிசிஸ் அரிதாயிருந்த காலம் அது. இன்று நிலை வேறு.

மாற்றுச் சிறுநீரகம் ஓய்ந்தது என்றதும் இல்லங்களில் இரு பிழைகள் நேர்கின்றன. ‘ஈந்தது வீணாயிற்றே’ என்று மனமுடைதல் ஒன்று. ‘இனி எதற்கு’ என்று, எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளைத் தாமே நிறுத்துதல் மற்றொன்று. திடீரென நிறுத்தினால் காய்ச்சலும் வலியும் தோன்றலாம். உடலில் பெருகும் எதிர்ப்பொருள்கள், பின்னொரு சிறுநீரகம் பொருந்துவதை அரிதாக்கும். குறையாமல் தொடர்ந்தாலோ நோய்த்தொற்றுக்கு இடமாகும். ஆதலின் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் அறிவுரைப்படியே நிகழ வேண்டும்.

அடுத்துள்ள வழிகள் நான்கு. முதலாவது, மீண்டும் ஒரு மாற்று. உடல்தகுதி உடையோர்க்குப் பெரும்பாலும் இதுவே சிறந்தது. உறவினரது சிறுநீரகம் பொருந்தாவிடில், அவ்வாறே தவிக்கும் மற்றொரு குடும்பத்துடன் கொடையை மாற்றிக்கொள்ள நம் நாட்டின் 2011ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இடந்தருகிறது. மூளைச்சாவுற்றோர் கொடைக்குப் பதிந்தும் காத்திருக்கலாம்.

இரண்டாவது, இரத்த டயாலிசிஸ். பொதுவாக வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம். இதற்கெனக் கையில் அமைக்கும் ஃபிஸ்டுலா முதிர்வதற்கே பல வாரங்கள் ஆகும். மூன்றாவது, வயிற்றுவழி டயாலிசிஸ். பயிற்சி பெற்று இல்லத்திலேயே நாள்தோறும் செய்துகொள்வது. நான்காவது, முதுமையும் பிற நோய்களும் மிக்கோர் டயாலிசிஸைத் தவிர்த்து, மூச்சுத்திணறல், அரிப்பு முதலிய துன்பங்களைத் தணிக்கும் மருத்துவத்தை மட்டும் ஏற்பது. இது நோயாளியைக் கைவிடுதல் ஆகாது. அவர் விருப்பத்தை மதித்தலே ஆகும்.

எவ்வழியாயினும், சிறுநீரகம் முற்றும் ஓயும்வரை காத்திராமல், அது தளரத் தொடங்கும்போதே மருத்துவரோடு அமர்ந்து பேசி முடிவு செய்தல் நன்று. காலந்தாழ்த்தினால் அவசர டயாலிசிஸே எஞ்சும்.

கொடுத்தவரிடமும் ஒரு சொல் கூற வேண்டும். ரொனால்டு ஈந்தது எட்டாண்டு வாழ்வு. அதனை வீண் என்பார் யார்? மகனுக்கு ஈந்த தாயும், கணவனுக்கு ஈந்த மனைவியும் அவ்வாறே எண்ணித் தேறுவாராக.