மண் வளையத்தில் ஒரு பெண்



சில மாதங்களுக்கு முன்னர் உயர்தர வகுப்பில் புறநானூறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி மற்போரில் வெல்கிறான். அவன்மேற் காதல் கொண்ட நக்கண்ணையார் பனையொன்றிற் சாய்ந்து நின்று அவ்வெற்றியைக் காண்கிறார். "ஏன் சேர், பெண் எண்டால் பனையடியில நிண்டு பாக்கத்தானோ வேணும்?" என்று மாணவியொருத்தி கேட்டாள். வகுப்புச் சிரித்தது. எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. 'லிட்டில் மிஸ் சுமோ' என்ற 2018ஆம் ஆண்டு விவரணப் படந்தான் நினைவுக்கு வந்தது. அப்படத்தின் நாயகியைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

அவர் பெயர் கொன் ஹியோரி. யப்பானின் வடக்கே, பனி கொட்டும் அஒமோரி மாநிலத்தில், அஜிகசாவா என்ற கடற்கரையூரைச் சேர்ந்தவர். சுமோ வீரர் பலரைத் தந்த மண் அது. 1997இல் பிறந்த ஹியோரி, ஆரம்பப் பாடசாலையின் முதலாம் வகுப்பிலேயே வளையத்தில் இறங்கிவிட்டார். எதிரே நின்ற பையன்களையும் தள்ளி வெளியேற்றினார்.

சுமோ என்றால் கொழுத்த உடல்களின் மோதல் என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். வளையத்தின் விட்டம் 4.55 மீற்றர். அதற்கு வெளியே கால் பட்டாலும், பாதந்தவிர உடலின் வேறெப்பாகம் மண்ணைத் தொட்டாலும் தோல்விதான். பெரும்பாலும் சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். இடுப்பைத் தாழ்த்திப் பாய்பவர், தம்மிலும் பெரியவரை நிமிர்த்திவிடலாம்.

இதற்குச் சான்றானவரும் அதே அஜிகசாவாக்காரரே. மைனொஉமி என்ற அவர் 1990இல் தொழில்முறை சுமோவிற் புகுந்தார். அந்நாளில் அதற்கு 173 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். அவர் அவ்வளவு உயரமில்லை. என்ன செய்தார் தெரியுமா? உச்சந்தலைத் தோலின்கீழ் சிலிக்கனை ஏற்றிக்கொண்டு அளவுகோலை எட்டினார்! பின்னர் கொனிஷிகி என்ற மலையையே சாய்த்தார்.

உயரம் குறைந்தவருக்கு இப்படி ஒரு வழி இருந்தது. அதே ஊர்ப் பெண்ணுக்கோ எவ்வழியும் இல்லை. தொழில்முறை சுமோவில் பெண் போட்டியிட முடியாது என்பதுடன், அதன் வளையத்தில் காலடி வைக்கவுங்கூடாது. சிந்தோ சமயத் தூய்மையைக் காரணங் காட்டுவர். ஒசாகாவின் ஆளுநராக 2000இல் தெரிவான ஓதா ஃபுசயே, வளையத்தில் ஏறி வெற்றிக்கேடயம் வழங்க விரும்பியபோது, ஆளுநரென்றும் பாராமல் மறுத்துவிட்டனர்.

வேடிக்கை என்னவென்றால், 720ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற 'நிஹோன் ஷொகி' என்ற பழைய வரலாற்று நூலில் சுமோ என்ற சொல் முதன்முதல் வருவதே பெண்கள் தொடர்பாகத்தான். கைதவறாதவன் என்று பெருமை பேசிய தச்சனைச் சோதிக்க, யூர்யாக்கு மன்னன் அரண்மனைப் பெண்களை மற்போர் செய்ய விடுகிறான். தச்சன் பராக்குப் பார்க்கிறான், வாய்ச்சி தவறிவிடுகிறது. மரபு, மரபு என்போர் இந்தப் பக்கத்தை ஏனோ புரட்டுவதில்லை.

ஹியோரிக்கு எஞ்சியது அமெச்சூர் சுமோ. அதில் எடைப்பிரிவுகள் உண்டு. பெண்களுக்கு இடமும் உண்டு. அவர்களுக்கான முதல் உலகப் போட்டி 2001இல் அதே அஒமோரி மாநிலத்து ஹிரொசாக்கியில் நடந்தது. ரித்சுமெய்கான் பல்கலைக்கழகத்திற் பயின்ற ஹியோரி, உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். ஆனால் பட்டப்படிப்போடு ஆண்கள் தொழில்முறைக்குப் போகலாம். பெண்கள் வேறு தொழில் தேடவேண்டும். தன்னை உள்ளே விடாத ஒன்றைச் சிறுவயது முதல் நேசிப்பது எப்படியிருக்கும்? படம் முழுவதும் அந்தப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2018 ஏப்ரில் 4ஆந் திகதி மைஸூரு நகரில் நடந்ததையும் சொல்லவேண்டும். வளையத்தில் நின்று உரையாற்றிய நகரபிதா மயங்கி விழுந்தார். பெண்கள் சிலர் ஓடி ஏறி அவர் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தனர். பெண்கள் இறங்கவேண்டும் என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்ப அறிவித்தது! அன்றே சுமோச் சங்கத் தலைவர் மன்னிப்புக் கோரினார்; விதியோ மாறவில்லை. இரண்டு நாள் கழித்து, தக்கராசூக்கா நகரின் பெண் நகரபிதா வளையத்துக்கு வெளியே நின்றே பேசவேண்டியிருந்தது.

மறுநாள் இவற்றையெல்லாம் வகுப்பிற் சொன்னேன். இம்முறை எவருஞ் சிரிக்கவில்லை. முதல்நாள் கேட்ட மாணவிதான் மீண்டும் எழுந்தாள்.

"சேர், அந்தப் பெண்கள் இறங்கினவையோ?"

"இறங்கினார்கள், பிள்ளை."

"விழுந்தவர் பிழைச்சாரோ?"

"பிழைத்தார்."