எஞ்சின் ஏன் கொதிக்கிறது?



கோடையில் நண்பகல் வேளையில் ஈக்காட்டுத்தாங்கலின் நூறடிச் சாலை வழியே சென்றவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். பாரம் ஏற்றிய பழைய பிக்கப் வண்டி ஒன்று சாலையோரமாக நிற்கும். அதன் பானெட் திறந்திருக்கும். உள்ளிருந்து ஆவி எழும். வண்டிக்காரர் கையில் தண்ணீருடன் செய்வதறியாமல் நிற்பார். கேட்டால், “வண்டி ஹீட் ஆகிவிட்டது” என்பார்.

அப்படிச் சூடேறும் எஞ்சினின் குறையை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதே இன்றைய பேச்சு. இதைப் பற்றிப் பேசுவதற்கு ஈக்காட்டுத்தாங்கல் பொருத்தமான இடம். 1958-ஆம் ஆண்டில் தோன்றிய கிண்டித் தொழிற்பேட்டை அதன் அண்டையில் இருக்கிறது. தொழிற்பேட்டையையொட்டி லேத் பட்டறைகளும் மோட்டார் பட்டறைகளும் இப்பகுதியில் பெருகின. அத்தகைய பட்டறை ஒன்றில் நான் கண்ட நிகழ்ச்சியைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் எஞ்சினுக்குள் நடப்பதைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

எஞ்சினில் எரியும் டீசலின் சக்தி முழுவதும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறிவிடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி எஞ்சினின் உலோகத்தைச் சுடவைக்கிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் சில கணங்களில் 2000 டிகிரியையும் எட்டும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். ஆயினும் அலுமினியக் கலவையால் ஆன பிஸ்டன் அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது. ஏறுகிற வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்றிக்கொண்டிருப்பதனால்தான் அது உருகாமல் இருக்கிறது.

மோட்டார் வண்டி பிறந்த நாளிலிருந்தே இந்தத் தொல்லை உண்டு. 1886-இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகியே எஞ்சினைக் குளிர்வித்தது. 1888-இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மைந்தர்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அவ்வண்டியில் சென்றார். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கொண்ட அந்தப் பிரயாணத்தில் வழியெல்லாம் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது.

பின்னர் வந்த வண்டிகளில் அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு அமைந்தது. வாட்டர் பம்ப் தண்ணீரை எஞ்சினைச் சுற்றி ஓடச் செய்கிறது. சூடேறிய நீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்குகிறது. விசிறி இழுக்கும் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. இடையே தெர்மோஸ்டாட் என்ற ஒரு சிறிய கதவு இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருந்து நீரை ரேடியேட்டருக்கு விடாது. நீரின் வெப்பம் ஏறத்தாழ 82 டிகிரியை அடைந்ததும் அதனுள் இருக்கும் மெழுகு உருகி விரிவடைந்து கதவைத் திறக்கிறது.

ரேடியேட்டரின் மூடியும் ஒரு கருவியே. வீட்டில் உள்ள பிரஷர் குக்கரைப் போல அது உள்ளே அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் நீர், அழுத்தம் இரு மடங்கானால் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காது. இதில் பெரிய அபாயம் மறைந்திருக்கிறது. சூடான வண்டியின் மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் மறைந்துவிடும். 100 டிகிரிக்கு மேல் அடங்கியிருந்த நீர் அக்கணமே கொதித்து முகத்தில் சீறும். பல தொழிலாளர்களின் கையும் முகமும் வெந்தது இப்படித்தான். ஆகவே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அரைமணி நேரமேனும் பொறுத்திருக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரைத் திடீரென்று ஊற்றுவதும் தவறு. உலோகம் விரிசல் விட்டுவிடும்.

இனி, நான் சொல்வதாகச் சொன்ன நிகழ்ச்சிக்கு வருகிறேன். தொழிற்பேட்டையிலிருந்து இரும்புச் சாமான் ஏற்றிச் செல்லும் பழைய பிக்கப் ஒன்றை அதன் சொந்தக்காரரே பட்டறைக்கு ஓட்டி வந்தார். பதினைந்து நாட்களாக வண்டி சூடேறிக்கொண்டிருந்தது. யாரோ சொன்னார்கள் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லியிருக்கிறார், குணம் தெரியவில்லை. புதிய வாட்டர் பம்ப் போட்டார், அதுவும் பலிக்கவில்லை. கடைசியாக, “ஹெட் காஸ்கெட் போயிருக்கிறது, எஞ்சினைத் திறக்க வேண்டும்” என்று ஓரிடத்தில் கூறிவிட்டார்கள். அந்தச் செலவுக்கு வீட்டு நகையை அடகு வைக்க அவர் ஆயத்தமாகிவிட்டார். வண்டி ஓடாத நாளில் அவருக்கு வருமானமும் இல்லை.

பட்டறையின் பெரிய மெக்கானிக் உடனே ஸ்பானரை எடுக்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்கினார்.

“தம்பி, சூடு எப்போது ஏறுகிறது? சிக்னலில் நிற்கும்போதா, ஓடும்போதா?”

“ஓடும்போதுதான், அண்ணே. பாரத்துடன் கத்திப்பாரா மேம்பாலம் ஏறினால் முள் மேலே போய்விடுகிறது. சிக்னலில் நின்றால் மெல்ல இறங்குகிறது.”

இந்த ஒரு விடையிலேயே பாதி வழக்குத் தீர்ந்துவிட்டது. எப்படி? நிற்கும்போது வண்டிக்கு எதிர்க்காற்று இல்லை. விசிறி ஒன்றே கதி. விசிறியிலோ அதன் பெல்ட்டிலோ குறை இருந்தால், நிற்கும்போதுதான் சூடு ஏற வேண்டும். ஓடும்போதும் பாரம் இழுக்கும்போதும் ஏறினால், காற்று வந்தும் நீரின் சூடு முழுவதும் வெளியேறவில்லை என்று பொருள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய சில நிமிஷங்களிலேயே சூடு ஏறினால் வேறு சந்தேகம் எழும்: தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம், எரியும் வாயு நீருக்குள் கசியவும் கூடும்.

“தண்ணீர் குறைகிறதா?” என்பது இரண்டாவது கேள்வி. சிறிதுதான் குறைகிறது என்றார் வண்டிக்காரர். நீர் வெளியே சொட்டினால் தரையும் ஹோஸும் காட்டிக்கொடுக்கும். உள்ளே போனால் அடையாளங்கள் வேறு: புகைக்குழாயில் வெண்புகை நீங்காது, ஆயில் மோரைப்போல வெளுத்துவிடும், வாயு கசிந்தால் ரேடியேட்டர் நீரில் குமிழிகள் இடைவிடாமல் எழும். எஞ்சின் நன்றாக ஆறியபின் மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். பிறகு எஞ்சினைக் கிளப்பி நீரைக் கவனித்தார்கள். குமிழி இல்லை, ஆயிலும் தெளிவாகவே இருந்தது. காஸ்கெட்டின் மேல் சுமத்திய குற்றத்துக்குச் சாட்சி இல்லை.

“என்ன தண்ணீர் ஊற்றுகிறாய்?” என்பது மூன்றாவது கேள்வி.

“வீட்டுப் போர்வெல் தண்ணீர்தான், அண்ணே. ஆறு வருஷமாக அதுதான்.”

மெக்கானிக் தலையசைத்தார். துப்பாக்கி வடிவில் உள்ள வெப்பமானியை எடுத்து, மூடியை மறுபடி பொருத்தி ஓடவிட்ட வண்டியின் ரேடியேட்டர் முழுவதையும் வரிசையாக அளந்தார். மேற்பகுதி நன்றாகச் சுட்டது. நடுவிலும் கீழ்மூலையிலும் சில திட்டுகள் மட்டும் பக்கத்துப் பகுதிகளைவிட மிகவும் குளிர்ந்திருந்தன. சுடுநீர் அங்கே போகவேயில்லை, குழாய்கள் அடைபட்டிருந்தன.

சென்னையில் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினநீர். அதைச் சூடாக்கினால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வெண்படிவமாக ஒட்டிக்கொள்ளும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செம்பு கடத்தும் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட இந்தப் படிவம் கடத்தாது. அது குழாயின் வழியை அடைக்கிறது. அடைபடாத குழாயிலும் வெப்பத்தைத் தடுக்கிறது. வெளிப்புறத்திலும் அடைப்பு நேரலாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஈக்காட்டுத்தாங்கலில் வெள்ளம் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டியின் ரேடியேட்டர் தகடுகளுக்கிடையே சேறு தங்கிவிட்டால், காற்று புக வழியிராது.

ரேடியேட்டரைக் கழற்றிப் பிரித்து, மெல்லிய கம்பியால் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்தார்கள். கழற்றிய தெர்மோஸ்டாட்டை வண்டிக்காரர் நல்லவேளையாக எறிந்துவிடாமல் டாஷ்போர்டில் வைத்திருந்தார். மெக்கானிக் அதை ஒரு நூலில் கட்டி, தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, அடுப்பில் ஏற்றினார். வெப்பமானி 82-ஐ நெருங்கியதும் கதவு திறக்கத் தொடங்கியது. சற்றுப் பொறுத்து முழுவதும் திறந்தது. அது குற்றமற்றது!

“பிறகு ஏன் இதைக் கழற்றச் சொன்னார்கள்?” என்று வண்டிக்காரர் கேட்டார்.

“சந்தேகப்பட்டார்கள், சோதிக்கவில்லை” என்றார் மெக்கானிக்.

தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய சூட்டை அடைய நேரமாகும். அதுவரை டீசல் வீணாகும். சிலிண்டரும் விரைவில் தேயும். சில எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவரும். சூடு இன்னும் கூடும். அந்தக் கருவியை மறுபடி அதன் இடத்தில் பொருத்தினார்கள். வாலைவடிநீரில் கூலன்ட் கலந்து ஊற்றினார்கள். மறுநாள் பாரத்துடன் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறி இறங்கிவிட்டு வந்த வண்டிக்காரர், முள் பாதியைத் தாண்டவில்லை என்று சொன்னார். நகை வீட்டிலேயே இருந்தது.

நண்பர்களே, இதில் மாணவர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முன்னால் பழுது பார்த்தவர்களிடமும் கருவிகள் இருந்தன, கைத்திறனும் இருந்தது. ஆனால் அவர்கள் ஊகத்தையே முடிவாகக் கொண்டு பாகங்களை மாற்றினார்கள். இவரோ ஒவ்வொரு ஊகத்தையும் ஒரு கேள்வியாக்கினார். “இது உண்மையானால் வேறு என்ன தெரிய வேண்டும்?” என்று பார்த்தார். தெரியாதபோது அந்த ஊகத்தைக் கைவிட்டார். செலவில்லாத சோதனைகளை முதலில் செய்தார். செலவு மிகுந்ததைக் கடைசிக்கு ஒதுக்கினார். ஒரே வேளையில் இரண்டு பாகங்களை மாற்றவில்லை. மாற்றினால் எது குறையுடையது என்று என்றுமே தெரியாமல் போகும். ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகள் கடைப்பிடிக்கும் முறையும் இதுவே.

புதிய வண்டிகளில் கணிப்பொறி குறையின் எண்ணைக் காட்டும் காலம் இது. ஆனால் சூடு மிகுந்திருக்கிறது என்று எண் சொன்னாலும், ஆறு வருஷம் ஊற்றிய தண்ணீரைப் பற்றி அது சொல்லாது. அதைக் கேட்டறிய ஒரு மனிதர் வேண்டும். அடுத்த முறை சாலையோரத்தில் ஆவி எழும் வண்டியைக் கண்டால், மூடியைத் தொட வேண்டாம் என்று அவரிடம் முதலில் சொல்லுங்கள். பிறகு, “சூடு நிற்கும்போது ஏறியதா, ஓடும்போது ஏறியதா?” என்று கேட்டுப் பாருங்கள்.