எண்ணப்படுவோரும் எண்ணுவோரும்



குடிசைப் பகுதி இளைஞரைப் பற்றிய அறிக்கைகளில் தவறாமல் வந்து நிற்கும் சொல் 'அதிகாரமளித்தல்'. இலக்கணம் அறிந்த அவை இது. 'அளித்தல்' என்றவுடன் அளிப்பவர் ஒருவர் எழுவாய் ஆகிவிடுகிறார்; இளைஞரோ நான்காம் வேற்றுமை ஏற்றுக் கைநீட்டி நிற்கின்றனர். ஆனால் இப்பகுதிகளின் அண்மைக்கால வரலாற்றில் நினைக்கத்தக்கவை பலவும், இளைஞரே எழுவாயாகிய இடங்களில் நிகழ்ந்தவை. அவற்றுள் ஒன்றுக்குத் தமிழ்த் தொடர்பும் உண்டு.

கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜோக்கின் அற்புதம், 1960களில் பிழைப்புத் தேடி மும்பை சென்றார். தச்சு வேலை செய்துகொண்டு, டிராம்பே அருகிலிருந்த ஜனதா காலனி என்னும் குடிசைப் பகுதியில் தங்கினார். அப்பகுதிப் பிள்ளைகளைத் திரட்டித் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அள்ளுவாரின்றிக் கிடந்த குப்பையை ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டிச் சிறுவர்கள் சுமந்து சென்று, மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டிய நிகழ்ச்சியை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். தலைவர் என்று சொல்லத்தக்க வயது அப்போது அவருக்கே இல்லை.

ஆயினும் ஜனதா காலனி தப்பவில்லை. அந்த நிலத்தை பாபா அணு ஆராய்ச்சி மையம் வேண்டியது. எதிர்ப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்த குடியிருப்பு இடிக்கப்பட்டு, மக்கள் சீட்டா கேம்புக்கு அனுப்பப்பட்டனர். 2000இல் அவர் பெற்ற மகசேசே விருதையும் 2011இல் பெற்ற பத்மஸ்ரீயையும் சொல்லிவிட்டு இத்தோல்வியைச் சொல்லாமல் விடுவோர் பலர். அது முறையன்று. குடிசைவாசிகளைத் தேசிய அளவில் ஒரு கூட்டமைப்பாகத் திரட்டிய பின்னாளைய உழைப்புக்கு அத்தோல்வியே உரமாயிற்று. இடிக்க வருவோர் கையில் பட்டியல் இருக்கிறது. இடிபடுவோர் கையில் ஒன்றுமில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பணி பிறகு தொடங்கியது.

நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 1985ஆம் ஆண்டிலேயே, மும்பையில் நடைபாதைவாசிகளைப் பற்றிய கணக்கெடுப்பு ஒன்று வெளிவந்தது. கண்ணுக்குப் புலப்படாத மக்கள் தாங்கள் என்று அதன் பெயரே சொல்லியது. வந்தேறிகள், திருடர்கள் என்று வழங்கிய பேச்சுக்கு எதிராக, அவர்கள் நெடுங்காலமாக அங்கேயே வாழ்பவர்கள், வேலைக்கு நடந்தே போய்வருபவர்கள் என்னும் செய்திகள் எண்களாக வந்து நின்றன.

இம்முறை பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. அதன் நடைமுறை எளியது. எளிமையே அதன் வலிமை. அப்பகுதியினரே சந்து சந்தாகச் சென்று கதவுகளில் எண் இடுகின்றனர். எழுதப் படிக்கத் தெரிந்த இளையோர் வீட்டுக்கு வீடு படிவம் நிரப்புகின்றனர். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், கழிப்பறை வரிசை எவ்வளவு நீளும் என்பவற்றை வெளியூர் ஆய்வாளர் கேட்டறிய வேண்டும். அங்கே வளர்ந்த பெண்ணுக்கோ அது காலைப்பொழுதின் அனுபவம். பின்னர் பட்டியல் ஊரார் முன் படிக்கப்படுகிறது. விடுபட்ட பெயரும் இருமுறை எழுதப்பட்ட வீடும் அங்கேயே வாதிக்கப்பட்டுத் திருத்தப்படுகின்றன. எண்ணுதல் என்ற சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் சிந்தித்தல் என்றும் இரு பொருள் வைத்த மொழிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேராவில் 2009இல் நடந்தது இதன் அண்ணன் தம்பி போன்றது. இலட்சக்கணக்கானோர் வாழும் அவ்விடம் அதுவரை பொது வரைபடங்களில் வெற்றிடமாகவே கிடந்தது. உள்ளூர் இளைஞர்கள் செயற்கைக்கோள்வழி இடமறியும் சிறு கருவிகளோடு நடந்து, குழாய், கழிப்பறை, மருந்தகம், பள்ளி எனக் குறித்து, எவரும் பயன்படுத்தத்தக்க இணைய வரைபடத்தில் ஏற்றினர். ஆனால் கணினி இல்லாத தாய்க்கு இணையத்தில் உள்ள வரைபடத்தால் என்ன பயன் என்ற கேள்வி விரைவிலேயே எழுந்தது. எனவே அது தாளிலும் சுவரிலும் இறங்கிவர நேர்ந்தது. வெளியுலகம் பாராட்டியது முதற்பணியை. பயன் மிகுந்தது இரண்டாம் பணி.

இதில் ஓர் இடரும் உண்டு. எண் காக்கும், எண்ணே விலக்கவும் செய்யும். மகாராட்டிரத்தில் குடிசைக்கு மாற்று வீடு பெறும் உரிமைக்கு 1995 ஜனவரி 1 என்று ஒரு நாள் குறிக்கப்பட்டது. பின்னர் அது 2000 ஜனவரி 1 ஆயிற்று. குறித்த நாளுக்கு ஒரு திங்கள் பிந்தி வந்து குடிசை போட்டவர் கணக்கில் இருந்தும் உரிமையில் இல்லாதவர். வாடகைக்கு இருப்போர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்கள் பெயரை எழுதவிடாமல் தடுப்பவர் பல வேளைகளில் குடிசையின் சொந்தக்காரரே, பக்கத்து வீட்டுக்காரரே. படிவமும் பேனாவுமாய் அக்கதவின் முன் நிற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை, தன் தந்தையின் நண்பரிடம் "உள்ளே எத்தனை குடும்பம்?" என்று கேட்டாக வேண்டும். 2018இல் அற்புதம் மறைந்தார். அக்கேள்வியை அவருக்காக வேறொருவர் கேட்க இயலாது. அந்தச் சந்தில் பிறந்தவர்தாம் கேட்க வேண்டும், பதில் வரும்வரை அங்கேயே நிற்கவும் வேண்டும்.